ஒரு சொட்டும் சிந்தவில்லை

குழந்தை தப்பாகப் பதில் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்தக் குழந்தை வளர்ச்சி நிலையத்தில் தடித் தடியாகப் புத்தகங்கள் இருந்தன. சரியாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. அப்படி ஓர் அசம்பாவிதம் அதுவரை அங்கே நடந்ததில்லை.

நடத்திக் காட்டியவள் பெயர் குண்டூசி. வயது நாலு. உடம்பு கம்பியாகவும் தலை மட்டும் சுருட்டை முடியோடு பந்தாகவும் இருந்ததால் பேக்கரியில் யாரோ விளையாட்டாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர் அவளுடைய தாய்மாமன். அந்த பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். ஊருக்கெல்லாம் மாஸ்டர், குண்டூசிக்கு மட்டும் மாமா. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர்.

மாஸ்டரின் தங்கை இந்தப் பிள்ளையைப் பெற்ற நாலாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளையின் அப்பா துக்கம் தாங்காமல் வேறு ஊருக்குப் போனார். அங்கே துக்கத்தைத் தாங்கிக்கொண்டு இன்னொரு குடும்பத்துக்கு அப்பாவாகிவிட்டார். மாஸ்டர்தான் பால் காய்ச்சினார், துணி மாற்றினார், தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தார். விடியற்காலையில் வேலைக்குப் போகும்போதும் தூக்கிக்கொண்டே போவார். மாவு பிசைகிற மேஜைக்குப் பக்கத்தில், காலி மூட்டைகள் மேல்தான் அவள் படுத்தாள், உட்கார்ந்தாள், எழுந்து நின்றாள், பேசத் தொடங்கினாள். தொடங்கியவள் பிறகு நிறுத்தவே இல்லை.

இப்போது பள்ளியில் சேர்க்க வேண்டும். சேர்க்க வேண்டுமானால் நிலையம் தருகிற படிநிலைச் சான்று வேண்டும். குழந்தையின் மனம் படிப்படியாக ஏறுகிறது. எந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது நிலையத்தின் வேலை. சான்று கிடைக்காத குழந்தைகளைக் கட்டடத்தின் பின்பக்கம் இருந்த வளர்ச்சி இல்லத்தில் வைத்துக்கொள்வார்கள். அங்கேயே தங்கி, விட்டுப்போன படிகளை ஏறி முடித்துவிட்டு வரலாம். வீட்டுக்காரர்கள் மாதம் ஒரு தடவை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொள்ளலாம். கையை மட்டும் ஆட்டக் கூடாது. ஆட்டினால் பிள்ளைக்கு ஏக்கம் வந்து ஒரு படி சறுக்கிவிடுமாம். வாசலில் காவல்காரர் இதைச் சொன்னபோதே மாஸ்டர் குண்டூசியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே கூடத்தில் சுவரெல்லாம் சிரிக்கிற சூரியன், சிரிக்கிற யானை, சிரிக்கிற கத்தரிக்காய். 'குழந்தையின் கண்ணால் உலகைப் பார்ப்போம்' என்று பெரிய பலகை. அதற்காகவே பெரியவர்களுக்கும் பொம்மை நாற்காலிதான். முழங்கால் மோவாயில் முட்ட, அப்பாக்களும் அம்மாக்களும் வரிசையாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரிகளுக்கு மட்டும் சுழல் நாற்காலி. அவர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

குண்டூசியின் முறை வந்தது. சோதனை செய்கிறவள் ஒரு சின்ன வயதுப் பெண், சாந்தமான முகம். மேஜையில் ஒரே மாதிரி இரண்டு தம்ளர், இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். பக்கத்தில் ஒல்லியாக, உயரமாக, காலியாக ஒரு கண்ணாடிக் குழாய்.

"ரெண்டு தம்ளர்லயும் தண்ணி ஒரே அளவா இருக்கா பாப்பா?"

"இருக்கு."

அந்தப் பெண் ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்து உயரக் குழாயில் ஊற்றினாள். தண்ணீர் மேலே வரைக்கும் ஏறி நின்றது.

"இப்ப எதுல தண்ணி அதிகம்?"

"ரெண்டுலயும் ஒண்ணுதான்."

அந்தப் பெண் புன்னகை மாறாமல் மறுபடியும் கேட்டாள். "நல்லாப் பாத்துச் சொல்லு கண்ணு. எதுல அதிகம்?"

இரண்டாம் தடவை கேட்டால் எந்தக் குழந்தைக்கும் விஷயம் விளங்கிவிடும். முதலில் சொன்னது இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று கண்டுகொண்டு மாற்றிச் சொல்லிவிடும். அப்படித்தான் அந்தச் சோதனை இத்தனை வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் நடந்துவந்தது. குண்டூசி இதெல்லாம் பழகாதவள். பேக்கரியில் ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்டால் காது கேட்கவில்லை என்று அர்த்தம். அதனால் சத்தமாகச் சொன்னாள்.

"ஒண்ணுதான் அக்கா! நீங்க ஒரு சொட்டுகூடச் சிந்தலையே!"

பக்கத்து மேஜைகளில் பேனாக்கள் நின்றன. அந்தப் பெண் களிமண் உருண்டையை நீட்டி உருட்டிக் காட்டினாள், பொத்தான்களைத் தள்ளித் தள்ளி அடுக்கிக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் ஒண்ணுதான், ஒண்ணுதான். முகம் வெளுத்துப்போய், அந்தப் பெண் மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க சொல்லுங்க. எதுல தண்ணி அதிகம்?"

பொம்மை நாற்காலியில் மடங்கிக் கிடந்த மாஸ்டருக்குப் பதற்றத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குழாய்தான் உயரமாகத் தெரிந்தது. "அந்த உயரத்துல இருக்கறதுதான் மேடம்."

"அப்பாடா," என்றாள் அந்தப் பெண். "சார் சரியாத்தான் இருக்கார்."

அவர்களை நேராக இயக்குநர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். இயக்குநர் குழந்தைகளைப் பற்றி இருபது வருஷம் பேசியவர். குழந்தைகளோடு பேசியதாகத் தெரியவில்லை. குண்டூசியை ஒரு தரம் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் சொன்னார்.

"இந்த விஷயம் ஏழு வயசுலதான் புரியணும். நாலு வயசுல புரிஞ்சா அதுக்குப் பேரு அறிவு இல்ல, அத்துமீறல்."

"சார், பிள்ளை சொன்னது சரிதானுங்களே?"

"சரியான பதில்தான். சரியான வயசு இல்ல. எங்ககிட்ட ஆயிரக்கணக்குல குழந்தைங்க வந்திருக்கு. ஒண்ணு பாக்கியில்லாம அத்தனையும் இந்த வயசுல தப்பாத்தான் சொல்லிச்சு. இவ மட்டும் சரின்னா, அந்தக் குழந்தைங்கல்லாம் முட்டாளா? இல்ல நாங்கதான் முட்டாளா?"

மாஸ்டர் இரண்டுக்கும் தலையாட்டாமல் பார்த்துக்கொண்டார்.

"படியில ஏறாம மாடியில நிக்கிற குழந்தை எப்ப வேணா விழும். எங்க பொறுப்பு என்ன தெரியுமா? அதைப் பத்திரமாக் கீழ இறக்கறது. இறக்கி, தப்புப் பண்ணவச்சு, அப்புறம் ஏத்தறது. முதல்ல எந்தத் தாக்கத்தால இப்படி ஆச்சுன்னு கண்டுபிடிக்கணும். மரபா, சூழலா? ரெண்டு பிரிவும் பாக்கட்டும். அதுக்குள்ள குழந்தை தப்பாச் சொல்லிட்டா சான்று. சொல்லலைன்னா இல்லம்."

குண்டூசி மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "இல்லம்னா என்ன மாமா?"

"வீடு மாதிரி ஒண்ணு," என்றார் மாஸ்டர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

மரபுப் பிரிவும் சூழல் பிரிவும் ஒரே நடைக்கூடத்தில் எதிரும் புதிருமாக இருந்தன. இந்தக் கதவின் மேல் 'குழந்தை பிறக்கிறது' என்று எழுதியிருந்தது. அந்தக் கதவின் மேல் 'குழந்தை உருவாக்கப்படுகிறது' என்று எழுதியிருந்தது. இரண்டு தலைவர்களும் பேசிக்கொள்வதில்லை. அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமானால் அந்தச் சோதனைக்காரப் பெண்ணை நடுவில் நிறுத்திச் சொல்வார்கள். கெட்டிக்காரக் குழந்தை வந்தால் இரண்டு பிரிவும் எங்கள் பிள்ளை என்று சண்டை போடும். வில்லங்கமான குழந்தை வந்தால் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சண்டை போடும்.

மரபுப் பிரிவின் தலைவர் மாஸ்டருடைய காது மடலை அளவுகோலால் அளந்தார். நாக்கைச் சுருட்டச் சொன்னார். பிறகு குழந்தையின் அம்மாவைப் பற்றிக் கேட்டார்.

"அவங்களும் இப்படித்தானா? தண்ணியை அளவாப் பாப்பாங்களா?"

"அது தெரியாதுங்க. நல்லாப் பாடுவா."

"அவங்களைக் கூட்டிட்டு வந்தீங்கன்னா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

"அவ இறந்து நாலு வருஷம் ஆகுதுங்க."

"தெரியும், தெரியும்," என்றார் தலைவர், தாளைப் புரட்டிக்கொண்டே. "சும்மா ஒரு அரைமணி நேரம் வந்துட்டுப் போனாப் போதும்."

தங்கை ஒரு அரைமணி நேரம் வந்துவிட்டுப் போவதாக இருந்தால், மாஸ்டர் அவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவா சொல்வார்? குழந்தையை மடியில் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்க மாட்டாரா? குண்டூசி அளவுகோலை எடுத்து மேஜையின் காதை அளந்துகொண்டிருந்தாள்.

அம்மா வர மறுப்பதால் மாமனை வைத்தே மரபைப் பார்க்கலாம் என்று தலைவர் முடிவு செய்தார். மாமன் தண்ணீர்க் கேள்விக்குத் தப்பான விடை சொன்னது ஏற்கெனவே பதிவாகியிருந்தது. ஆகவே பரம்பரையில் புத்தி இல்லை, பரம்பரைமேல் பழியும் இல்லை என்று எழுதி, எதிர்க் கதவுக்குத் தள்ளிவிட்டார்.

சூழல் பிரிவின் தலைவி நேரில் பார்க்காமல் எதையும் நம்பாதவர். மறுநாளே இரண்டு உதவியாளர்களுடன் பேக்கரிக்கு வந்துவிட்டார். சூழலைப் பார்க்கப் போகிறவர்கள் சூழலைக் கலைத்துவிடக் கூடாது என்பது அவர்களுடைய விதி. அதனால் மூன்று பேரும் சாம்பல் நிற அங்கி போட்டுக்கொண்டு, மாவு மூட்டைகளுக்கு நடுவில், யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்புப் பக்கம் போன வேலையாட்கள் தடுக்கித் தடுக்கி விழுந்தார்கள். ஒரு தட்டு பன் கருகியது.

பேக்கரி முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு மாஸ்டரின் காதில் கேட்டார். "யாருப்பா இவங்க? பேச மாட்டேங்கறாங்க, எந்திரிக்க மாட்டேங்கறாங்க. துக்கத்துக்கு வந்தவங்களா?"

"நம்ம குண்டூசியைப் பாக்க வந்திருக்காங்க முதலாளி."

"அவளைப் பாக்கறதுக்கு எதுக்குய்யா சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க?"

குண்டூசிக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சூடாக ஒரு பன்னை எடுத்துக்கொண்டு போய்த் தலைவியிடம் நீட்டினாள். தலைவி வாங்கவில்லை, பார்க்கவும் இல்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடி நின்றவள் அதைத் தலைவியின் முழங்கால்மேல் வைத்துவிட்டு, விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். ஓர் உதவியாளர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

மாலையில் அங்கியைக் கழற்றிய பிறகுதான் தலைவிக்கு வாய் வந்தது.

"கண்டுபிடிச்சாச்சு. இங்க ஒரே மாவை நீளத் தகரத்துலயும் போடறீங்க, வட்டத் தகரத்துலயும் போடறீங்க. வடிவம் மாறினாலும் அளவு மாறாதுங்கற ஆபத்தான விஷயம் குழந்தை கண்ணுல பட்டுட்டே இருக்கு. இவளுக்கு ஏழு வயசு ஆகற வரைக்கும் இங்க ஒரே வடிவத்துலதான் சுடணும்."

முதலாளி இடுப்பில் கை வைத்தார். "மூணு வருஷத்துக்கு ஊரே வட்டமாத் திங்கணுமா, நீளமாத் திங்கணுமா? அதையும் நீங்களே சொல்லிட்டுப் போங்க."

"முடியாட்டிக் குழந்தை உள்ள வரக் கூடாது," என்றார் தலைவி.

மாஸ்டர் கெஞ்சினார். "அவ என்கூடவே இருந்து பழகினவங்க. வேற எங்க விடறது?"

தலைவி அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. அம்மாவோட தாக்கத்தைப் பத்தி எங்ககிட்ட அலமாரி நெறைய ஆராய்ச்சி இருக்கு. அப்பாவைப் பத்தி ஒரு தட்டு நெறைய இருக்கு. மாமாவைப் பத்தி ஒண்ணுமே இல்ல. கோட்பாட்டுல நீங்க கிடையாது."

"அப்ப நான் என்ன பண்றதுங்க?"

"இல்லாத மாதிரியே இருங்க. அதான் குழந்தைக்கு நல்லது."

அன்றிலிருந்து குண்டூசி பேக்கரியின் முன்பக்கம், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்காரவைக்கப்பட்டாள். உள்ளே மாஸ்டர் மாவை அடித்துப் பிசைந்துகொண்டிருக்கும்போது வெளியிலிருந்து "மாமா இருக்கீங்களா?" என்று குரல் வரும். "இருக்கேன்டா" என்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வரும். கோட்பாட்டில் இல்லாத மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் இருக்கேன் இருக்கேன் என்று சொல்லுவார்!

இதற்கிடையில் நிலையத்தில் திருத்தப் பயிற்சி தொடங்கிவிட்டது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் பாராமுக முறை. மிகவும் நவீனமானது, அடி உதை கிடையாது, அதட்டல்கூடக் கிடையாது என்று இயக்குநர் பெருமையாகச் சொன்னார். "குழந்தைகளை அடிக்கிறவங்க காட்டுமிராண்டிங்க. நாங்க முகத்தை மட்டும் திருப்பிக்குவோம்."

முறை இதுதான். குழந்தை வயதுக்கு ஏற்ற பதிலைச் சொன்னால் அறையில் இருக்கிற எல்லோரும் கை தட்டி, நெற்றியில் மின்னுகிற நட்சத்திரம் ஒன்றை ஒட்ட வேண்டும். வயதுக்கு மீறிய பதிலைச் சொன்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். மணி அடித்த பிறகுதான் திரும்பலாம். இத்தனை நாள் கோட்பாட்டில் இல்லாத மாமனுக்கு இந்த இடத்தில் மட்டும் வேலை இருந்தது. அவர் திரும்பினால்தான் குழந்தைக்கு உறைக்கும் என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

முதல் நாள் தண்ணீர் ஊற்றினார்கள். "ஒண்ணுதான்," என்றாள் குண்டூசி. எல்லா முகங்களும் திரும்பின. மாஸ்டரும் பொம்மை நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுவரைப் பார்த்தார். சுவரில் யானை சிரித்துக்கொண்டிருந்தது. பின்னால் சின்னக் காலடி ஓசை கேட்டது. அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, அவருடைய கன்னத்தில் கை வைத்து முகத்தைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தாள்.

"மாமா, ஒண்ணுதான் மாமா. அக்கா சிந்தலை, நான் பாத்தேன்."

"ஐயா, அசையாதீங்க!" என்று யாரோ அதட்டினார்கள். பெரியவர்களை அதட்டக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

மாஸ்டர் கழுத்தை விறைத்துக்கொண்டார். பாறையைப் புரட்டுவது போல அந்தப் பிஞ்சுக் கை தள்ளிப் பார்த்தது. பிறகு விட்டுவிட்டது. தன் வாழ்நாளில் அவர் செய்த பாவம் எதுவும் அவருக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. அன்றைக்குச் செய்தது ஞாபகத்தை விட்டுப் போகாது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

ஆனாலும் குண்டூசி அசையவில்லை. ஒண்ணுதான் என்பாள், அழுவாள், அழுதுகொண்டே ஒண்ணுதான் என்பாள். சோதனைக்காரப் பெண் ஒருநாள் நடைக்கூடத்தில் மாஸ்டரைத் தனியாக நிறுத்தினாள்.

"சார், சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வாரக் கடைசியில குழு உக்காருது. அன்னிக்கும் இவ இப்படியே சொன்னா இல்லத்துல படுக்கை ஒதுக்கியாச்சு. வீட்டுல வச்சு நீங்களே சொல்லிக் குடுத்துடுங்க."

"பொய் சொல்லச் சொல்லிக் குடுக்கறதா மேடம்?"

அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். "நான் சின்ன வயசுல இதே மேஜையில உக்காந்தவதான் சார். எனக்கு எங்கம்மா வீட்டுலயே சொல்லிக் குடுத்துட்டாங்க. ஒரு தொந்தரவும் இல்ல. பாருங்க, வேலைகூடக் கிடைச்சிருக்கு."

அன்று சாயங்காலம் மாஸ்டர் இரண்டு தம்ளரையும் ஓர் உயரமான பாட்டிலையும் தரையில் வைத்துக்கொண்டு குண்டூசிக்கு எதிரில் உட்கார்ந்தார். ஊற்றினார். சொல்லு என்றார்.

"ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்டா. எனக்கும் இப்பத் தெரியுது. ஆனா அங்க கேட்டா பாட்டில்லதான் அதிகம்னு சொல்லணும்."

"ஏன்?"

"அப்படிச் சொன்னாத்தான் நீ என்கூட இருக்கலாம்."

அவள் தம்ளரையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். தண்ணீருக்கும் மாமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கிறாள் போலிருந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட அவளுக்கு இன்னும் வயசாகவில்லை.

"ஒண்ணுதான்னு சொன்னா நீங்க மூஞ்சியத் திருப்பிக்குவீங்களா?"

மாஸ்டர் பாட்டில் தண்ணீரைத் தம்ளருக்கு மாற்றி, மறுபடியும் பாட்டிலில் ஊற்றினார்.

"இதுல அதிகம்," என்றாள் குண்டூசி பாட்டிலைத் தொட்டு, தண்ணீரைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்து.

அவர் அவளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார். பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யாரும் பாடம் நடத்தியிருக்க முடியாது. அடுத்த சில நாள் அதே பாடம்தான். களிமண், பொத்தான், தண்ணீர். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு முத்தம். அவளுடைய கேள்விகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. பேக்கரியின் முன்பக்கத்திலிருந்து "மாமா இருக்கீங்களா?" என்ற குரலும் வரவில்லை. எட்டிப் பார்த்தால், முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, கடைக்கு வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். சமர்த்தாகிவிட்டாள் என்று முதலாளி சந்தோஷப்பட்டார். மாஸ்டருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

குழு உட்கார்ந்த நாளில் நிலையம் களைகட்டியிருந்தது. நீள மேஜைக்குப் பின்னால் இயக்குநர் நடுவில், மரபு வலப்பக்கம், சூழல் இடப்பக்கம், ஒருவரை ஒருவர் பார்க்காமல். குண்டூசியை நடுவில் நிறுத்தினார்கள். சோதனைக்காரப் பெண் தண்ணீரை எடுத்தாள். அன்றைக்கு என்ன காரணமோ, அவள் கண் குழாயில் இல்லை, குண்டூசியின் மேல் இருந்தது. குழாயில் ஊற்றும்போது கால் பங்குத் தண்ணீர் தவறி மேஜைமேல் கொட்டி, விளிம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. குழுவில் யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் தண்ணீரை எப்போதுமே பார்த்ததில்லை.

குண்டூசி பார்த்தாள். சொட்டுகள் தரையில் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரும் பார்த்தார். ஒரே ஒரு நிமிஷம், எல்லாம் கெட்டாலும் பரவாயில்லை, பழைய குண்டூசியாகக் கத்திவிட மாட்டாளா, 'சிந்திட்டீங்க அக்கா' என்று சொல்லிவிட மாட்டாளா என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. அடுத்த நிமிஷமே இல்லத்தின் கண்ணாடி நினைவுக்கு வந்து, சொல்லிவிடாதே கண்ணு என்று உள்ளுக்குள் கெஞ்சியது.

"எதுல அதிகம் பாப்பா?" என்று இயக்குநரே கேட்டார்.

குண்டூசி தலையை நிமிர்த்தினாள். இயக்குநரின் முகத்தைப் பார்த்தாள், அவர் புருவத்தைப் பார்த்தாள், பிறகு திரும்பி மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அது வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

"உயரத்துல இருக்கறதுதான்."

"ஏன்?"

"உயரமா இருக்கு."

கரவொலி அடங்க நேரமாயிற்று. மரபும் சூழலும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்து, இது எங்கள் பிள்ளை என்று ஒரே சமயத்தில் சொன்னார்கள். இயக்குநர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நண்பர்களே, இங்க வந்தப்ப இது குழந்தையே இல்ல. தான் பாத்ததை அப்படியே சொல்ற ஒரு முரட்டுப் பிறவி. இன்னிக்கு நாம அதைக் குழந்தையாக்கியிருக்கோம். இனிமே இவ ஏழு வயசுல இதே கேள்விக்குச் சரியான பதிலைத் தானாவே கண்டுபிடிப்பா. அந்த ஆனந்தத்தை இவகிட்டேருந்து யாரும் பறிக்க முடியாம நாம காப்பாத்தியிருக்கோம். மாமாவும் நல்லா ஒத்துழைச்சார். கோட்பாட்டுல இடமில்லாட்டியும் சரியான நேரத்துல முகத்தைத் திருப்பினார். அவருக்கும் ஒரு கைதட்டு குடுங்க."

கொடுத்தார்கள். சான்றையும் கொடுத்தார்கள். குண்டூசியின் நெற்றியில் ஒரு நட்சத்திரம், இரண்டு கன்னத்திலும் இரண்டு. அவள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். யார் எவ்வளவு சிரித்தார்களோ அவர்களுக்கு அவ்வளவு.

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வளர்ச்சி இல்லத்தின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு அம்மா, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மாஸ்டர் குழந்தையை இழுத்துக்கொண்டு வேகமாக அந்த இடத்தைத் தாண்டினார். பள்ளி கிடைத்துவிட்டது, பிள்ளை கையில் இருக்கிறது, இனி என்ன என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தெருமுனை வந்த பிறகுதான் காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது உறைத்தது. குனிந்து அவள் கன்னத்து நட்சத்திரத்தைப் பிய்த்து எடுத்தபடி கேட்டார்.

"பசிக்குதாடா?"

குண்டூசி தலையை நிமிர்த்தி அவர் கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், மறுபடியும் கண்ணைப் பார்த்தாள். பசியைத் தன் வயிற்றில் தேடாமல் அவருடைய முகத்தில் தேடுகிறாள் என்பது மாஸ்டருக்குப் புரிந்தது. பிறகு, மெல்ல, பாதிக் குரலில் சொன்னாள்.

"பசிக்குது."

மாஸ்டரால் அடக்க முடியவில்லை. பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. நடுத்தெருவில் பிள்ளை பார்த்துவிடக் கூடாதே என்று சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இல்ல மாமா, பசிக்கல," என்றாள் குண்டூசி அவசர அவசரமாக. "பசிக்கவே இல்ல மாமா."